மார்பளவிலிருந்து கடைமடை வரை

உட்காரத் தெரியாதவன் நான். கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகுதான் உட்காருவேன். பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே பிழைக்கிறேன். பெரம்பலூரில் விசில் கொடுத்தால் அரியலூர், அரியலூர் தாண்டி தா.பழூர், மறுபடி பெரம்பலூர். கண்டக்டருக்கென்று ஒரு சீட் உண்டு. அதில் என் பை உட்கார்ந்து வரும். வளைவு வருவதைப் பாதம் முன்கூட்டியே சொல்லிவிடும். சிமென்ட் லாரிக்கு வண்டி ஒதுங்கும்போது இடுப்பு தானாக ஒரு பக்கம் வாங்கிக்கொள்ளும். அப்படி நிற்கையில்தான் எனக்கு வரிகள் தோன்றும். அரியலூரில் டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில் அவற்றைச் சின்ன நோட்டில் எழுதி வைப்பேன். உட்கார்ந்து யோசித்து ஒரு வரிகூட எழுதியதில்லை.

போன வருடம் ஆனி மாதம் அந்தக் காலில் கோளாறு வந்தது. இடது முழங்காலுக்குள் யாரோ ஒரு பிடி மணலைப் போட்டு மூடிவிட்டதுபோல, படி இறங்கும்போதெல்லாம் நறநறத்தது. பிறகு வீங்கியது. ஒருநாள் பின்படியிலிருந்து முன்படிக்குப் போக முடியாமல் நடுவிலேயே நின்றுவிட்டேன். தினமும் வருகிற ஓர் அம்மா சொன்னார், "கண்டக்டரே, நாங்களே வந்து டிக்கெட்டு வாங்கிக்கிறோம். நீங்க சத்த ஒக்காருங்க." பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என் சீட்டில் உட்கார்ந்தேன். ஜன்னலில் ஓடிய மரங்களைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு நிறுத்தம் விசில் கொடுக்க மறந்து போனது.

ஆஸ்பத்திரியில் மூட்டுத் தேய்மானம் என்றார்கள். டிப்போவில் இரண்டு மாத விடுப்புக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட அதிகாரி நல்ல மனுஷர். "ரெண்டு மாசம் கழிச்சும் முடியலன்னா கவலப்படாதீங்க. கேட்ல ஒக்காந்து வண்டி நம்பர் எழுதுங்க. நெழல் வேல, ஃபேன் இருக்கு" என்றார். அவர் வரமாகத்தான் கொடுத்தார். எனக்கு அது தண்டனையாகக் கேட்டது. ரிட்டயர்டு ஆகும்வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. போகிற வண்டியையெல்லாம் பார்த்துக்கொண்டு, போகாமல் இருப்பது.

பெரம்பலூரில் எனக்குப் பிசியோதெரபி பார்த்த பெண்ணுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். என் முழங்காலை மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நடந்தா வீங்குது, நடக்காட்டி வெறச்சுக்குது. நடுவுல ஒரு வழி இருக்கு சார். தண்ணில நடங்க."

"தண்ணிலயா?"

"மார்பளவு தண்ணில நின்னா ஒங்க கனத்துல பெரும்பகுதிய தண்ணி வாங்கிக்கும். மூட்டுக்கு லீவு. ஆனா ஒவ்வொரு அடிக்கும் தண்ணி எதுத்துத் தள்ளுமில்ல, தொடச் சதைக்கு டபுள் டூட்டி. சத பலமானா மூட்டு மேல வுழற பாரம் கொறையும். மொதல்ல மார்பளவு. வலி அடங்க அடங்க இடுப்பளவு. அப்புறம் முழங்காலளவு. கடைசிலதான் தர. அவசரப்பட்டு மேல ஏறிடாதீங்க."

என் வேலையின் பாஷையிலேயே எனக்குச் சொன்ன அந்தப் பெண்ணை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

"இங்க அதுக்குக் கொளம் எங்கம்மா இருக்கு?"

"அதான் நானும் யோசிக்கிறேன். நம்ம பக்கம் கெணறு இருக்கு, அதுல நடக்க முடியாது. கல்லு வெட்டுன குழி இருக்கு, ஆழம் தெரியாது, கிட்டவே போயிடாதீங்க. வாய்க்கா பாயற ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இல்லயா?"

இருந்தார்கள். அதுதான் சங்கடம். தா.பழூருக்கு உள்ளே தள்ளி, கொள்ளிடத்துத் தண்ணீர் வாய்க்காலாகப் பிரிந்து பாயும் ஊர் ஒன்றில் என் மாமனார் வீடு. பெண் எடுத்த வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை. மூன்றாம் நாள் காலை, கோழி அடிக்கும் சத்தம் கேட்கும்போதே பையைத் தூக்கிவிடுவேன். இப்போது ஒன்றரை மாதம் போய் இருப்பதா? மகளுக்குப் பிளஸ் டூ. மனைவியும் கூட வர முடியாது. அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். "எங்கூரு வாய்க்கால்ல எரும நடக்குது. ஒரு எருமைக்கும் மூட்டுவலி வந்து நான் பாத்ததில்ல. போயிட்டு வாங்க."

ஆவணி நடுவில் போனேன். வாய்க்கால் நிறைய தண்ணீர். நான் கரிசல் காட்டுக்காரன். எனக்குத் தண்ணீர் என்பது எட்டிப் பார்ப்பது. கயிற்றில் கட்டி மேலே இழுப்பது. அது தரையோடு தரையாக, கைக்கெட்டும் தூரத்தில் சும்மா ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் வரும். நீச்சலும் தெரியாது.

முதல்நாள் கைலியோடு இறங்கினேன். இடுப்பளவு போனதும் கைலி காற்றை வாங்கிக்கொண்டு குடைபோல மேலே விரிந்தது. கரையில் நின்ற மச்சினன், நாற்பது வயது ஆள், தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். "மாமா, கைலி மெதக்குது. நீங்கதான் மெதக்கல." மறுநாள் அவனுடைய பழைய அரை டவுசர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பெண்கள் துறைக்கு வரும் நேரத்துக்கு முன்னாலேயே, விடிந்ததும் நான் இறங்கி ஏறிவிட வேண்டும் என்று ஏற்பாடு.

மார்பளவில் நின்ற அந்த முதல் நிமிஷம். இரண்டு மாதத்துக்கு மேலாக ஒவ்வொரு அடிக்கும் கூடவே வந்த வலி, கரையில் கழற்றிவைத்த செருப்போடு நின்றுவிட்டது. தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் காலைப் பிடித்துக்கொண்டது. தழுவல் என்று எழுதினால் அதிகமாகத் தெரியும். ஆனாலும் வேறு சொல் கிடைக்கவில்லை. ஓடும் பஸ்ஸில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்துக்குள் நிற்கும்போது விழவே முடியாதில்லையா, அப்படி. எதிர்த்து நடந்தால் மெதுவாக ஓர் உள்ளங்கை நெஞ்சில் வைத்துத் தடுக்கும். திரும்பி நடந்தால் அதே உள்ளங்கை முதுகில். பக்கவாட்டில் நண்டுபோல நடந்தேன். முழங்காலை இடுப்புவரை தூக்கி இறக்கினேன். தரையில் எனக்கு முடியாததெல்லாம் அங்கே முடிந்தது. வியர்வை தெரியவில்லை. ஏறி வந்தபிறகுதான் தொடை நடுங்கிற்று, நல்ல நடுக்கம். அன்று மத்தியானம், விவரம் தெரிந்த நாளிலிருந்து தூங்காத நான், மாமியார் போட்ட பாயில் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

நாலைந்து நாளில் ஒரு யோசனை தோன்றியது. ஓட்டம் இழுக்கும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் நல்லது. மச்சினனிடம் சொன்னேன். மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்று கேட்டதே பெரிது என்று, அன்றைக்கே வாய்க்காலின் இரண்டு கரையிலும் முளையடித்து, குறுக்கே நீரோடு நீராக ஒரு மூங்கிலைக் கட்டினான். மாமனாருடைய மடைக்கு, அதாவது வாய்க்காலிலிருந்து அவர் வயலுக்குத் தண்ணீர் திரும்பும் வாய்க்கு, பத்தடி கீழே. நிழல் இருந்த இடம் அதுதான். பஸ் கம்பியைக்கூடப் பிடிக்காதவன் அந்த மூங்கிலை ஆசையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன்.

மறுநாளிலிருந்து மூங்கிலில் ஆகாயத்தாமரை வந்து ஒதுங்கியது. மிதந்து வருகிற செடி. தட்டுப்பட்ட இடத்தில் நின்றுவிடும். ஊதாப் பூ. நான் அதைப் பற்றி நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். தண்ணீரும் உயர்ந்து வந்தது. மார்பளவு நின்ற இடத்தில் தோளளவு ஆயிற்று. இன்னும் லேசாக இருந்தேன். "தண்ணீர் என்மேல் பிரியம் வைத்து ஏறி வருகிறது" என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், எனக்கு நானே காட்டிக்கொள்ள.

அடுத்த வாரம் ஒரு காலை, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் வந்து நின்றார். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். முன்பின் பார்த்ததில்லை.

"என்னங்க மாப்ள, குளிக்கறீங்களா?"

அந்த ஊரில் எல்லோருக்கும் நான் மாப்ளதான்.

"இல்லங்க. நடக்கறேன். முட்டி வலிக்கு."

"நடக்கறீங்க. சரி. அப்படியே எங்கூரு வரைக்கும் நடந்து வந்து பாருங்களேன்."

"எந்த ஊருங்க?"

"கடமட. வாய்க்கா முடியற எடம். எட்டு நாளா தண்ணியக் காணல. வழில யாராச்சும் புடிச்சு வச்சிருக்காங்களான்னு தேடிக்கிட்டு வரேன். வந்து பாத்தா நீங்க கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

வேடிக்கைப் பேச்சு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க மாப்ள. நட்டு இருவது நாளு. நெலம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. குத்தகைக்குப் புடிச்ச நெலம். மட பாக்கறதுக்குன்னே ஒங்கள மாப்ளையா எடுத்தாரா ஒங்க மாமனாரு?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை, அடுக்கு அடுக்காக இறுகி, ஓர் அணைபோல நின்றது. மேலே தண்ணீர் தேங்கித் ததும்பி மாமனார் மடைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. கீழே வாய்க்கால் பாதி வெறுமையாக இருந்தது. இவ்வளவு நாளும் நான் மேல்பக்கம் பார்த்தே நடந்திருக்கிறேன்.

மச்சினன் ஓடி வந்தான். "யக்கா, மாமாகிட்டப் போயி என்ன பேச்சுப் பேசற."

"ஒனக்கு மாமா. என் பயிருக்கு யாருடா? ஊரே வாயப் பொத்திக்கிட்டு இருக்கு, மாப்ளையப் போயி எப்படிக் கேக்கறதுன்னு. இவரு மாப்ளங்கறது நெல்லுக்குத் தெரியுமா?"

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நான் ஏறிப் போனபின் மச்சினன் தினமும் செடியை வாரிப் போட்டிருக்கிறான். மறுநாள் விடிவதற்குள் அவ்வளவும் திரும்ப வந்து அடைந்திருக்கிறது. மாமனார் தன் மடையை மண் வைத்து அடைத்திருக்கிறார். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. தேவைக்கு மேல் தண்ணீர் நின்று அவர் வயலும் அழுகப் பார்த்திருக்கிறது. டீக்கடையில் யாரோ, "மாப்ள வந்த ராசி, மேமடைக்கு யோகம்" என்று சொன்னதைக் கேட்டபின் அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார். மூங்கிலை எடு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் மூங்கில். மரியாதை என்கிற ஒன்றுக்காக ஒரு வயல் காய்ந்துகொண்டிருந்தது.

மச்சினனிடம் அரிவாள் வாங்கி, மூங்கிலைக் கட்டியிருந்த கயிற்றை நானே அறுத்தேன். அடைந்திருந்ததெல்லாம் பிய்த்துக்கொண்டு கீழே ஓடியது. அன்று மாமனாரிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அத வுடுங்க மாப்ள. கால் எப்படி இருக்கு?" என்றார். அதைவிட நாலு அடி அடித்திருக்கலாம்.

பையைக் கட்டினேன். விடுப்பு முடிய நாலு வாரம்கூட இல்லை. கால் பாதிதான் தேறியிருந்தது. பெரம்பலூருக்குத் திரும்பினால் தண்ணீர் கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனாலும் எந்த முகத்தோடு இங்கே இறங்குவது? போகுமுன் அந்த அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று மச்சினனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கடைமடைக்குப் போனேன். அவர் வரப்பில் நின்றிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் நூல்போல வந்துகொண்டிருந்தது.

"இன்னும் வரலயா? மூங்கில எடுத்துட்டேனேங்க."

"எடுத்தீங்க. அங்க அடஞ்சதெல்லாம் மொத்தமா வந்து வழியெல்லாம் அடச்சிருக்கு. வளவுக்கு வளவு நிக்குது."

"தெரியாமப் பண்ணிட்டேன். நான் ஊருக்குப் போறேங்க."

"போயிட்டா ஆச்சா?" என்றார். "முட்டி வலிக்கு நடக்கறீங்கல்ல. நடந்துக்கிட்டே அள்ளிப் போடுங்க. அடச்ச கைதானே."

மச்சினன் பல்லைக் கடித்தான். எனக்கு, ஏன் என்று தெரியவில்லை, நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கினதுபோல இருந்தது. அந்த ஊரில் என்னை மாப்பிள்ளையாகப் பார்க்காமல் கையும் காலும் உள்ள மனுஷனாகப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

மறுநாள் விடிந்ததும் மூங்கில் இருந்த இடத்திலிருந்து தொடங்கினேன். மச்சினனும் இறங்கினான், வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. ஆகாயத்தாமரையை வேரோடு வாரிக் கரையில் வீச வேண்டும். நனைந்த செடி கனக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை கனம் தெரியாது, தூக்கும்போது தோள் கேட்கும். குனி, வாரு, திரும்பு, வீசு, ஓர் அடி வை. பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அதற்குள் இருந்தது. எண்ணிக்கைதான் இல்லை.

நான் கவனிக்காத ஒன்று, போகப் போகத் தெரிந்தது. வாய்க்கால் கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு மடையும் தன் பங்கை வாங்கிக்கொள்ள, மீதிதான் அடுத்ததற்கு. முதல் வாரம் மார்பளவில் வேலை செய்தேன். இரண்டாம் வாரம், பாலத்தைத் தாண்டியதும், இடுப்பளவு. ஒவ்வொரு பத்தடிக்கும் தண்ணீர் என் கனத்தில் கொஞ்சத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தது. "இது உன்னுடையது, இப்போது தூக்கிக்கொள்வாய்" என்று. நான் அவசரப்பட முடியாது. அடைப்பு என்னை அவசரப்பட விடாது. அந்தப் பெண் போட்டுக்கொடுத்த அட்டவணையும் இந்த வாய்க்காலின் சரிவும் ஒன்றாக இருந்தன.

கரையில் பேச்சு மாறியது. நேரம் வைத்து ஒளிந்து இறங்கியது போய், வெயில் ஏறும்வரை வேலை நடந்தது. துணி துவைக்க வந்தவர்கள், "மாப்ள இன்னைக்கு நம்ம எல்லைக்கு வந்துட்டாரு, டீ போட்டு எடுத்தாடி" என்றார்கள். ஒரு பெரியவர் கேட்டார், "பஸ்ஸுலயும் இப்படித்தான் ஆளுங்கள அள்ளிப் போடுவீங்களா?" மாமியார், சோற்றுத் தூக்கை மகனிடம் கொடுத்தனுப்பாமல் ஒருநாள் தானே கொண்டுவந்து, கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "கறி வேணாம்னு பொண்ணு போன்ல சொன்னா. கீரதான்" என்று வாய்க்காலைப் பார்த்துச் சொன்னார். இருபது வருடத்தில் என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். மாமனார் டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார்.

புரட்டாசி பாதி தாண்டிக் கடைமடையை எட்டினோம். கடைசி அடைப்பை மச்சினன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். பின்னாலிருந்து தண்ணீர் வந்தது. சத்தம் இல்லை. வெடித்த மண்ணில் ஒவ்வொரு பிளவாக இறங்கி, நிரப்பி, குமிழ் விட்டு, அடுத்த பிளவுக்குப் போனது. அந்த அம்மா மடைவாயில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வார்த்தை ஏதும் சொல்லவில்லை. "நிக்காதீங்க மாப்ள. அந்த மண்ண எடுத்து இந்தப் பக்கம் கட்டுங்க, வழியுது பாருங்க" என்றார். கட்டினேன். மேட்டுப் பக்கம் ஒரு துண்டு மஞ்சளாகிப் போனது போனதுதான். அங்கே மறுபடி நடுவதற்கு மாமனார் தன் வயலில் நெருக்கமாக இருந்த இடங்களிலிருந்து நாற்றுக் கலைத்துக் கொடுத்தார். கட்டுக் கட்டாக நான் வரப்பிலிருந்து வயலுக்குள் தூக்கிக்கொண்டு போனேன்.

மூன்றாவதோ நாலாவதோ நடையில்தான் குனிந்து பார்த்தேன். தண்ணீர் கணுக்காலளவு. மேலே எதுவும் என்னைத் தாங்கிப் பிடிக்கவில்லை. என் முழுக் கனமும், தலையில் ஒரு நாற்றுக்கட்டும், என் இரண்டு காலில் இருந்தன. வலி வந்ததா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"என்ன, முள்ளு குத்திடுச்சா?" என்றார் அந்த அம்மா.

"இல்லங்க."

"அப்ப நடங்க."

பெரம்பலூரில் பிசியோதெரபிப் பெண் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்க சார் கொளம் கட்டுனாங்க, சொல்லுங்க, எல்லாரையும் அனுப்பறேன்" என்றார். வாய்க்கால் என்றேன். நாற்று தூக்கியதைச் சொன்னதும் முறைத்தார். தேய்ந்தது வளராது, சதைதான் பார்த்துக்கொள்ளும், விடாதீர்கள் என்றார். விடவில்லை. லீவு நாளில் இன்றும் போகிறேன். மாமனார் வீட்டில் இப்போது மூன்றாம் நாளும் தங்குகிறேன். வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோகும் மாதங்களில் அவரே பம்புசெட்டுத் தொட்டியைக் கழுவி நிரப்பி வைத்துவிடுகிறார். அது இடுப்பளவுதான், போதும்.

டிப்போவில் உடல் தகுதிச் சான்றிதழைக் கொடுத்தேன். அதிகாரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "நெழல் வேல சார்" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

முதல்நாள் டூட்டி. அரியலூர் தாண்டிக் கூட்டம் ஏறிவிட்டது. பையைச் சீட்டில் வைத்துவிட்டுப் பின்படி அருகில் நின்றேன். வண்டி வளைந்தது. சேற்றில் ஊன்றிப் பழகிய விரல்கள் செருப்புக்குள் தாமாக விரிந்து பிடித்துக்கொண்டன. இடுப்பு வாங்கிக்கொண்டது. கைகள் கம்பியைத் தேடவில்லை. மூங்கிலை அறுத்த நாளிலிருந்து வராத வரி ஒன்று வாசல்வரை வந்து நின்றது.

தா.பழூருக்கு முந்தின நிறுத்தத்தில் விசில் கொடுத்தேன். உர மூட்டை ஒன்றைப் படியில் வைத்துவிட்டு ஒரு பெண் ஏறினார். நிமிர்ந்து பார்த்தார். அவரேதான்.

"நீங்கதானா," என்றார். "இங்கயும் வழிய அடச்சுக்கிட்டுத்தான் நிக்கறீங்களா? தள்ளுங்க மாப்ள, பின்னாடி ஆளு வருது."

பஸ் முழுக்கச் சிரித்தது. மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, நான் தள்ளி நின்றேன்.